ஆட்கொல்லிகளை வீழ்த்தியவரின் பெயரில் ஒரு புலிகள் காப்பகம்: ஜிம் கார்பெட்டின் வாழ்க்கைப் பயணம்

உத்தரகண்ட் மாநிலத்தில், இமயமலையின் அடிவாரத்தில், ராம்கங்கை ஆற்றின் கரையோரம் பரந்து விரிந்திருக்கிறது கார்பெட் தேசியப் பூங்கா. 1936 ஆகஸ்ட் 8 அன்று அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்காவே இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா ஆகும். 2022ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் கார்பெட் புலிகள் காப்பகத்தில் 260 புலிகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. நாட்டின் வேறு எந்தப் புலிகள் காப்பகத்திலும் இத்தனை புலிகள் இல்லை.

புலிகளுக்கு இவ்வளவு பெரிய அடைக்கலமாக விளங்கும் இந்தக் காடு தாங்கி நிற்பது ஒரு வேட்டைக்காரரின் பெயரை. ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சுட்டு வீழ்த்திய ஜிம் கார்பெட்டின் பெயர் எவ்வாறு ஒரு காப்பகத்தின் பெயராயிற்று என்ற கேள்வி இயல்பாக எழக்கூடியது. அதற்கான விடை அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது. தாம் வீழ்த்திய ஒவ்வொரு விலங்கின் உடலையும் ஆராய்ந்து, அது ஏன் மனிதரைத் தேடி வந்தது என்று கேட்டவர் அவர். அந்தக் கேள்வியே அவரைப் படிப்படியாகக் காட்டின் காவலராக மாற்றியது.

நைனிதாலும் காலாடுங்கியும்

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875 ஜூலை 25 அன்று நைனிதாலில் பிறந்தார். அயர்லாந்து வம்சாவளியைச் சேர்ந்த பெரிய குடும்பம் அது. தந்தை கிறிஸ்டோபர் நைனிதாலின் அஞ்சல் நிலைய அதிகாரி. கோடைக்காலத்தில் மலைமேல் உள்ள நைனிதாலிலும், குளிர்காலத்தில் அடிவாரத்தில் உள்ள காலாடுங்கியிலும் குடும்பம் வசித்து வந்தது. 1881இல் தந்தை காலமானபோது ஜிம்முக்கு ஆறு வயதுகூட நிறைவடையவில்லை. அதன் பின்னர் குடும்பப் பொறுப்பு முழுவதும் தாய் மேரி ஜேனின் தோள்களில் விழுந்தது.

காலாடுங்கியில் வீட்டு வாசலைத் தாண்டினாலே காடு. சிறுவன் ஜிம் முதலில் கவண் ஏந்தினான். பின்னர் இரட்டைக் குழல்களில் ஒன்று பிளந்துபோன பழைய துப்பாக்கி ஒன்று அவன் கைக்கு வந்தது. ஈர மண்ணில் பதிந்த காலடித் தடத்தைக் கண்டு விலங்கின் வயதையும் வேகத்தையும் அறியவும், குரங்கும் மயிலும் மானும் எழுப்பும் எச்சரிக்கைக் குரலைக் கொண்டு புலி இருக்கும் திசையைக் கணிக்கவும் அவன் கற்றுக்கொண்டான். அண்ணன் டாமும், உள்ளூர் வேட்டைக்காரர் குன்வர் சிங்கும் அவனுடைய ஆசான்கள். குமாவோன் மக்களின் மொழியை அவன் தாய்மொழிபோலப் பேசினான். பிற்காலத்தில் மலைவாழ் மக்கள் அவரை அன்புடன் கார்பெட் சாகிப் என்றே அழைத்தனர்.

ரயில்வே பணியில் இருபது ஆண்டுகள்

குடும்ப வறுமை காரணமாகக் கல்லூரிப் படிப்பு வாய்க்கவில்லை. இருபது வயதை எட்டும் முன்பே வங்காள வடமேற்கு ரயில்வேயில் எரிபொருள் ஆய்வாளராகப் பணியில் சேர்ந்தார். அக்காலத்தில் ரயில் இயந்திரங்கள் விறகால் இயங்கின. அந்த விறகுக்காகக் காட்டை வெட்டும் பணியை மேற்பார்வையிடுவதே அவருடைய முதல் வேலை என்பது கவனிக்கத்தக்கது.

அடுத்து பீகாரில் கங்கைக் கரையில் உள்ள மொகாமா காட்டில் சரக்குகளை ஏற்றி இறக்கும் ஒப்பந்தப் பணியை ஏற்றார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கே தொழிலாளர்களோடு தொழிலாளராக உழைத்தார். ரயில் நிலைய அதிகாரியுடன் சேர்ந்து, தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகச் சிறிய பள்ளி ஒன்றையும் தொடங்கினார். ஆட்கொல்லிகளைத் தேடி அவர் மேற்கொண்ட தொடக்ககாலப் பயணங்கள் அனைத்தும் இப்பணிக்கு இடையே கிடைத்த விடுமுறை நாள்களில் நிகழ்ந்தவை.

சம்பாவத் பெண்புலி

1907இல் நைனிதாலின் துணை ஆணையர் கார்பெட்டை அணுகினார். நேபாளத்தில் 200 பேரைக் கொன்றபின் அங்கிருந்து ஆயுதம் தாங்கியோரால் விரட்டப்பட்ட பெண்புலி ஒன்று, குமாவோனுக்குள் புகுந்து நான்கு ஆண்டுகளாக உயிர்களைப் பறித்துக்கொண்டிருந்தது. கார்பெட் இரண்டு நிபந்தனைகளுடன் ஒப்புக்கொண்டார். புலியின் தலைக்கு அரசு அறிவித்திருந்த பரிசுத் தொகை ரத்து செய்யப்பட வேண்டும். ஏற்கெனவே காட்டில் இருந்த வேட்டைக்காரர்களும் படைவீரர்களும் திரும்ப அழைக்கப்பட வேண்டும். பரிசுக்காக வேட்டையாடுபவர் என்ற பெயர் தமக்கு வரக்கூடாது என்பதும், பிறருடைய குண்டுக்குத் தவறுதலாகப் பலியாகிவிடக் கூடாது என்பதும் அவர் கூறிய காரணங்கள்.

அவர் பாலி என்ற சிற்றூரை அடைந்தபோது ஐந்து நாள்களாக எவரும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கதவுகள் தாழிடப்பட்டிருந்தன, வயல்களில் ஆள் நடமாட்டம் இல்லை. அந்த ஊரில் ஓராண்டுக்கு முன்பு அக்காவைப் புலி கவ்விச் சென்றபோது கையில் அரிவாளுடன் பின்தொடர்ந்து ஓடிய தங்கை ஒருத்தி, புலி திரும்பிச் சீறிய அதிர்ச்சியில் பேச்சை இழந்திருந்தாள். புலி அதற்குள் சம்பாவத் பக்கம் நகர்ந்துவிட்டிருந்தது. அங்கே கார்பெட் இருந்தபோதே ஓர் இளம்பெண் பலியானாள். மறுநாள் தாசில்தார் திரட்டிய ஏறத்தாழ 300 பேர் மலைமுகட்டில் வரிசையாக நின்று தப்பட்டை அடித்துக் காட்டைக் கலைத்தனர். பள்ளத்தாக்கில் காத்திருந்த கார்பெட் புலியை வீழ்த்தினார். அப்பெண்புலி கொன்றவர்களின் எண்ணிக்கை மொத்தம் 436 என்று பதிவாகியுள்ளது.

திரும்பும் வழியில் பாலியில் புலித்தோலை விரித்துக் காட்டியபோது, பேச்சிழந்த அந்தப் பெண் வாய் திறந்து உரக்க ஊராரை அழைத்ததாகக் கார்பெட் பதிவு செய்திருக்கிறார்.

இவ்வளவு உயிர்களைப் பறித்த புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. அதன் வலப்புறத்து மேல் கோரைப்பல் பாதியாக உடைந்திருந்தது. கீழ்ப்பல் எலும்புவரை சிதைந்திருந்தது. முன்பு எப்போதோ பாய்ந்த துப்பாக்கிக் குண்டின் விளைவு அது. இயற்கை இரையைக் கடித்து வீழ்த்தும் ஆற்றலை இழந்த விலங்கு, தப்பி ஓட வலுவற்ற மனிதரை இரையாக்கிக் கொண்டது. நானூறுக்கும் மேற்பட்டோரின் மரணத்துக்குத் தொடக்கம், குறி தவறிய ஒரு வேட்டைக்காரரின் துப்பாக்கியில் இருந்தது.

ருத்ரபிரயாகில் எட்டு ஆண்டு அச்சம்

கேதார்நாத்துக்கும் பத்ரிநாத்துக்கும் செல்லும் யாத்திரைப் பாதையில் 1918 முதல் 1926 வரை ஓர் ஆண்சிறுத்தை 125 பேரைக் கொன்றதாக அரசு ஆவணங்கள் கூறுகின்றன. எட்டு ஆண்டுகளாக, அப்பகுதியில் கதிரவன் மறைந்தபின் எவரும் வெளியே நடமாடவில்லை. யாத்ரிகர்கள் தங்கும் சத்திரங்களிலும், தாழிட்ட வீடுகளிலும்கூட அது நுழைந்தது. பொறி, நஞ்சு, தானியங்கித் துப்பாக்கி என எல்லா முயற்சிகளும் தோற்றன. அந்தச் சிறுத்தையைப் பற்றிய செய்திகள் கடல் கடந்த நாளேடுகளிலும் இடம்பெற்றன.

1925இன் இலையுதிர் காலத்தில் தொடங்கிய கார்பெட்டின் முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. சோர்வுடன் திரும்பிய அவர், அடுத்த ஆண்டு மீண்டும் சென்றார். கோலாப்ராய் என்ற இடத்தில் பாதையோர மாமரத்தில் பரண் அமைத்து, கீழே மணி கட்டிய ஆட்டைக் கட்டிவைத்து, இரவு இரவாகக் காத்திருந்தார். 1926 மே மாதத் தொடக்கத்தில், பதினோராவது இரவில், சிறுத்தை வீழ்ந்தது. காலையில் அவர் கண்டது, முதுமையால் நரைத்த ஒரு விலங்கின் உடல். இயற்கையின் சட்டத்தை அது மீறவில்லை, மனிதரின் சட்டத்தையே மீறியது என்ற கருத்தைப் பின்னாளில் தமது நூலில் அவர் எழுதினார்.

இந்தச் சிறுத்தைக்கு மனித இறைச்சியின் சுவை தெரிந்ததற்கும் அவர் ஒரு காரணம் கண்டார். 1918இல் பரவிய கொள்ளைக் காய்ச்சலில் ஏராளமானோர் மாண்டனர். முறைப்படி தகனம் செய்ய ஆளில்லாத நிலையில், வாயில் கனல்துண்டை வைத்துவிட்டு உடல்களை மலைச்சரிவில் உருட்டிவிடும் நிலை ஏற்பட்டது. பிணம் தின்னப் பழகிய சிறுத்தை, நோய் தணிந்தபின் உயிரோடிருப்பவரை நாடியது.

ஒவ்வோர் உடலிலும் ஒரு காரணம்

1907 முதல் 1938 வரை சுமார் 33 ஆட்கொல்லிகளைக் கார்பெட் வேட்டையாடியதாகக் கூறப்படுகிறது. 64 பேரைக் கொன்ற சௌகட் பெண்புலியின் பற்கள் தேய்ந்து, நகங்கள் உடைந்திருந்தன. முக்தேசர் பெண்புலி முள்ளம்பன்றியோடு மோதி ஒரு கண்ணை இழந்து, உடலில் முட்கள் தைத்துப் புண்பட்டிருந்தது. மோகன் புலியின் முன்னங்காலிலும் முள்ளம்பன்றியின் முட்கள் புதைந்திருந்தன. 1938 நவம்பரில், தமது 63ஆம் வயதில், அவர் இறுதியாக வீழ்த்திய தாக் பெண்புலியின் உடலில் பழைய குண்டுக் காயங்கள் இருந்தன. தோளில் இருந்த காயம் சீழ் வைத்திருந்தது.

உடல் நலத்துடன் இருக்கும் புலி மனிதரை நாடுவதில்லை என்பதும், காயமோ முதுமையோ இரைப்பஞ்சமோதான் அதை மனிதரிடம் துரத்துகிறது என்பதும் அவர் கண்ட முடிவு. காயங்களில் பெரும்பாலானவை மனிதரால் நேர்ந்தவை. புலியைக் கொடுமையின் உருவமாகச் சித்திரித்து வந்த காலத்தில், அதைப் பெருந்தன்மை மிக்க விலங்கு என்று அவர் எழுதியது பலருக்கு வியப்பளித்தது.

சௌகட் பெண்புலியை அவர் நேருக்கு நேர் சந்தித்த கணம் அவருடைய மனப்பாங்கை நன்கு உணர்த்தும். பறவை முட்டைகளைச் சேகரிக்கும் பழக்கம் கொண்ட அவர், வழியில் கண்ட இராப்பறவையின் முட்டைகள் இரண்டை இடக்கையில் ஏந்தியிருந்தார். பாறையைச் சுற்றித் திரும்பியபோது எட்டடித் தொலைவில் புலி படுத்திருந்தது. முட்டைகளைக் கீழே விடாமல், ஒரு கையாலேயே துப்பாக்கியை மெல்ல மெல்லத் திருப்பிச் சுட்டார். அதன்பின் முட்டைகளை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்பினார்.

துப்பாக்கியிலிருந்து ஒளிப்படக் கருவிக்கு

கார்பெட் தொடக்கம் முதலே காட்டுயிர்க் காவலராக இருந்தார் என்று கூறுவது பொருந்தாது. 1930இல் பாவல்கர் காட்டில் அவர் சுட்ட பெரிய ஆண்புலி எவரையும் கொன்றதில்லை. அதன் பேருருவம் வேட்டைக்காரர்களிடையே புகழ்பெற்றிருந்தது. அதுவே அதன் குற்றம். பின்னாளிலும் வைஸ்ராய் லின்லித்கோ போன்ற நண்பர்களுக்காக அவர் வேட்டை ஏற்பாடுகள் செய்ததுண்டு. அவர் வாழ்ந்த சமூகத்தில் புலிவேட்டை மதிப்புக்குரிய பொழுதுபோக்காக இருந்தது. அதிலிருந்து அவர் ஒரே நாளில் விலகிவிடவில்லை.

மாற்றத்துக்கு வித்திட்டவர்களில் வன அதிகாரி ஃபிரெடரிக் சாம்பியன் முக்கியமானவர். காட்டுப்பாதையில் கம்பி கட்டி, அதில் விலங்கின் கால் பட்டதும் இயங்கும் வகையில் ஒளிப்படக் கருவியை அமைத்து, 1920களிலேயே காட்டுப் புலிகளை இரவில் படம் பிடித்தவர் அவர். அப்படங்கள் கார்பெட்டை ஆழமாகக் கவர்ந்தன. சுவரில் தொங்கும் தோல் காலத்தால் மங்கும். படமோ எல்லோருக்கும் இன்பம் தரும் என்ற எண்ணம் அவருள் வேரூன்றியது.

அவர் திரைப்படக் கருவியை ஏந்தினார். ஆனால் கருவி எழுப்பிய ஓசை கேட்டுப் புலிகள் விலகிச் சென்றன. பல ஆண்டுத் தோல்விகளுக்குப் பின், காட்டோடை ஒன்றில் சிறிய தடுப்புகள் கட்டி, விழும் நீரின் சலசலப்பில் கருவியின் ஓசையை மறைத்தார். நான்கு மாதக் காத்திருப்பின் முடிவில், 1938இல், ஒரே இடத்தில் ஏழு புலிகளை அவரால் படம்பிடிக்க முடிந்தது. பள்ளிகளிலும் பொதுக்கூட்டங்களிலும் காட்டைப் பற்றி உரையாற்றுவதையும் அவர் வழக்கமாகக் கொண்டிருந்தார்.

தேசியப் பூங்கா பிறந்த கதை

ராம்கங்கைப் பள்ளத்தாக்கைக் காப்புக்காடாக்க வேண்டும் என்று வன அதிகாரிகள் 1916, 1917ஆம் ஆண்டுகளிலேயே முன்மொழிந்தனர். அன்றைய நிர்வாகம் அதை ஏற்கவில்லை. சாலைகளும் மோட்டார் வாகனங்களும் பெருகியபின் வேட்டையின் வேகமும் பெருகியது. 1930களில் ஐக்கிய மாகாணத்தின் ஆளுநர் மால்கம் ஹெய்லி இத்திட்டத்தில் ஆர்வம் காட்டினார். வன அதிகாரி ஸ்மைதிஸ் திட்டத்துக்கு வடிவம் கொடுத்தார். எல்லைகளை வகுக்கும் பணியில், அந்தக் காட்டின் ஒவ்வோர் ஓடையையும் அறிந்த கார்பெட்டின் ஆலோசனை பெறப்பட்டது.

1936இல் சுமார் 324 சதுர கிலோமீட்டர் பரப்பளவில் பூங்கா உருவாயிற்று. ஆளுநரின் நினைவாக ஹெய்லி தேசியப் பூங்கா என்று பெயரிடப்பட்டது. ஒரு பரந்த நிலப்பரப்பில் வேட்டைத் துப்பாக்கிக்கு இடமில்லை என்று சட்டப்படி அறிவிக்கப்பட்டது இந்தியக் காட்டுயிர் வரலாற்றில் ஒரு திருப்புமுனை.

சோட்டி ஹல்த்வானி மக்கள்

காட்டைப் போலவே அதன் ஓரத்தில் வாழ்ந்த மக்களையும் கார்பெட் நேசித்தார். முதல் உலகப்போரின்போது, 1917இல், குமாவோனில் 500 பேரைத் திரட்டிப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றார். ஒருவரைத் தவிர அனைவரையும் உயிருடன் ஊருக்குத் திரும்ப அழைத்து வந்தார். இரண்டாம் உலகப்போரில், முதுமையையும் பொருட்படுத்தாமல், பர்மாப் போர்முனைக்குச் செல்லும் வீரர்களுக்குக் காட்டில் உயிர்பிழைக்கும் கலையைக் கற்பித்தார்.

காலாடுங்கிக்கு அருகே சோட்டி ஹல்த்வானி என்ற சிற்றூரை 1915இல் விலைக்கு வாங்கி, உழவர் குடும்பங்களைக் குடியமர்த்தினார். பயிரைக் காட்டுவிலங்குகள் அழிக்காதவாறு ஊரைச் சுற்றிக் கற்சுவர் எழுப்பினார். விலங்கைக் கொல்லாமலேயே விளைச்சலைக் காக்கும் அந்தச் சுவர், மனிதருக்கும் காட்டுக்கும் இடையே அவர் கண்ட எளிய உடன்பாடு. நாட்டை விட்டுச் சென்ற பின்னரும் அவ்வூரின் நிலவரியை வாழ்நாள் இறுதிவரை அவரே செலுத்திவந்தார்.

ஆட்கொல்லி வேட்டை அனுபவங்களைத் தொகுத்து அவர் எழுதிய குமாவோன் ஆட்கொல்லிகள் நூல் 1944இல் வெளிவந்து உலகப் புகழ்பெற்றது. முதல் பதிப்பின் வருவாயைப் போரில் பார்வையிழந்த இந்திய வீரர்களுக்கான விடுதிக்கு அளித்தார். ருத்ரபிரயாக் சிறுத்தை பற்றிய நூலும், ஏழை இந்தியர்களின் வாழ்வைச் சித்திரிக்கும் எனது இந்தியா என்னும் நூலும் அதன்பின் வந்தன.

அந்நிய மண்ணில் இறுதி ஆண்டுகள்

திருமணம் செய்துகொள்ளாத கார்பெட், தம்மைப் போலவே மணம் புரியாத தமக்கை மேகியுடன் 1947 இறுதியில் கென்யாவுக்குக் குடிபெயர்ந்தார். நியேரி நகரில், சாரணர் இயக்க நிறுவனர் பேடன் பவல் முன்பு வாழ்ந்த சிறுவீட்டில் இருவரும் தங்கினர். 1952 பிப்ரவரியில் இளவரசி எலிசபெத் மரத்தின்மேல் அமைந்த ட்ரீடாப்ஸ் விடுதியில் இரவு தங்கியபோது கார்பெட் உடனிருந்தார். அந்த இரவிலேயே மன்னர் ஆறாம் ஜார்ஜ் காலமானதால், இளவரசியாக மரமேறியவர் அரசியாக இறங்கினார் என்று அவர் பதிவு செய்த செய்தி இன்றும் நினைவுகூரப்படுகிறது.

1955 ஏப்ரல் 19 அன்று, 79ஆம் வயதில், மாரடைப்பால் நியேரியில் காலமானார். தாம் பிறந்து வளர்ந்த குமாவோன் மலைகளுக்கு அவர் பின்னர் திரும்பவே இல்லை.

பெயரில் வாழும் பொறுப்பு

விடுதலைக்குப் பின் சில காலம் ராம்கங்கை தேசியப் பூங்கா என்று அழைக்கப்பட்ட அந்தக் காட்டுக்கு, கார்பெட்டின் மறைவையொட்டி அவருடைய பெயர் சூட்டப்பட்டது. ஆங்கிலேயர் பெயர்கள் பலவும் நீக்கப்பட்டுவந்த காலத்தில் நிகழ்ந்த பெயர்சூட்டல் இது. 1968இல் இந்தோசீனப் புலியினத்துக்கும் அறிவியல் உலகம் அவர் பெயரை வழங்கியது. காலாடுங்கியில் அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது.

பெயர் நிலைத்தபோதிலும் புலிகள் குறைந்துகொண்டே வந்தன. 1972இல் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் 1,827 புலிகளே எஞ்சியிருப்பது தெரியவந்தது. அதே ஆண்டு காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1973 ஏப்ரல் 1 அன்று புலிகள் பாதுகாப்புத் திட்டம் கார்பெட் பூங்காவில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அதே காலத்தில், காலாகட்டில் கட்டப்பட்ட ராம்கங்கை அணையின் நீர்த்தேக்கத்தில் பூங்காவின் புல்வெளிகளில் ஒரு பகுதி மூழ்கியது. காப்பதும் இழப்பதும் ஒரே இடத்தில் ஒருங்கே நிகழ்ந்தன.

இன்று இந்தியாவில் புலிகளின் எண்ணிக்கை சராசரியாக 3,682 என்று 2022ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு மதிப்பிடுகிறது. எண்ணிக்கை உயர்ந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் காட்டை ஒட்டிய உத்தரகண்ட் கிராமங்களில், புல்லறுக்கவும் விறகு பொறுக்கவும் செல்லும் பெண்கள் புலிக்கும் சிறுத்தைக்கும் இரையாகும் துயரம் இன்றும் தொடர்கிறது. ஒவ்வொரு முறையும் விலங்கைச் சுட வேண்டும் என்ற கோரிக்கை எழுவதும், அன்புக்குரியவரை இழந்தவர்களின் கோபமும் நியாயமானவையே.

கார்பெட் அந்தக் கோபத்தை ஒருபோதும் அலட்சியம் செய்ததில்லை. அழைப்பு வந்தபோதெல்லாம் மலையேறிச் சென்றார். ஆனால் ஆட்கொல்லி வீழ்ந்ததும் அவருடைய பணி முடிந்துவிடவில்லை. குனிந்து, அதன் வாயையும் பாதங்களையும் தோளையும் பார்த்தார். அங்கே பெரும்பாலும் ஒரு மனிதரின் கைத்தடம் இருந்தது. அவ்வாறு குனிந்து பார்க்கும் பொறுமையே, அவருடைய பெயரைத் தாங்கும் காடு நம்மிடம் இன்றும் எதிர்பார்ப்பது.